பிரிட்ஜுக்கு அடியில் எலும்பு வளர்ந்தால்

பல் போன இடத்தில் பிரிட்ஜ் போட்டுப் பல வருடம் தொந்தரவில்லாமல் இருந்தவர்கள், "டாக்டர், முன்னெல்லாம் அடியில் ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) சுலபமாகப் போகும், இப்போது போகவே மாட்டேன் என்கிறது" என்று வருவதுண்டு. பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில், நாக்கால் தடவினால் கல் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்று தயங்கிச் சொல்வார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம்தான் அந்தத் தயக்கத்துக்குக் காரணம். இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பிரிட்ஜுக்கு அடியில் சாதாரண எலும்பே வளர்ந்து மேலே வருவதுண்டு, அது புற்றுநோய் அல்ல என்பதைத்தான். அப்புறம்தான் பரிசோதனை.

பல் போன இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் செதுக்கி, கேப் (பல்லின் மேல் போடும் உறை) மாட்டி, நடுவில் ஒரு செயற்கைப் பல்லை நிறுத்துவதுதான் பிரிட்ஜ். நடுப்பல்லுக்கு வேர் கிடையாது. ஈறைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பல் எடுத்த இடத்தில் எலும்பு மெல்லக் கரைவதுதான் வழக்கம் என்பதால், காலப்போக்கில் அடியில் இடைவெளி கூடும் என்றே நாங்கள் எதிர்பார்ப்போம். சிலருக்கு மட்டும் இது தலைகீழாக நடக்கிறது. எலும்பு மேல்நோக்கி வளர்ந்து, செயற்கைப் பல்லின் அடிப்பாகம் எந்த வடிவமோ அதே வடிவத்தில் படிந்து நிற்கிறது. மருத்துவ நூல்களில் இதன் பெயர் சப்பான்டிக் ஆஸியஸ் ஹைப்பர்பிளாசியா. 1971-இலேயே விவரிக்கப்பட்டதுதான், ஆனால் அரிதானது என்பதால் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இது பெரும்பாலும் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களின் பகுதியில்தான் வருகிறது. மேல்தாடையில் மிக அபூர்வம். ஏன் வருகிறது என்பதற்கு முடிவான பதில் இல்லை. மெல்லும்போது விழும் அழுத்தம் பிரிட்ஜ் வழியாகத் தாடை எலும்புக்குப் போய் அதைத் தூண்டுகிறது என்பது ஒரு விளக்கம். செயற்கைப் பல் ஈறை உறுத்திக்கொண்டே இருப்பதும், பரம்பரைக் கூறும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றில் அழுத்தம் பற்றிய விளக்கமே எனக்கு ஏற்கத்தக்கதாகப் படுகிறது, ஏனென்றால் பிரிட்ஜை எடுத்த பிறகு இந்த எலும்பு தானாகவே சுருங்கிய நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் உண்டு.

வலி பொதுவாக இருக்காது. வளர்ச்சியும் மிக மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். அதனால் பலருக்கு இது இருப்பதே தெரியாது, வேறு ஏதோ பல்லுக்கு எக்ஸ்-ரே எடுக்கும்போது கண்ணில் படும். உண்மையான சிக்கல் சுத்தம் செய்வதில்தான். இடைவெளி அடைபட்டால் அடியில் உணவும் கிருமிப்படலமும் தங்கும், ஈறு வீங்கி ரத்தம் கசியும், கேப் மாட்டிய பற்கள் ஓரத்தில் சொத்தையாகும். எலும்பைவிட இந்தச் சொத்தையால்தான் பிரிட்ஜ் போகும்.

எக்ஸ்-ரேயில் எலும்பு வளர்ச்சி வெள்ளையாக, தாடை எலும்போடு ஒட்டியே தெரியும். உள்ளே தங்கிப்போன வேர்த்துண்டு எதுவும் இல்லை என்பதையும் அதிலேயே பார்த்துவிடுவோம். பிரிட்ஜ் போட்ட சமயத்தில் எடுத்த பழைய படம் கையில் இருந்தால், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதனால் பழைய எக்ஸ்-ரேக்களைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

தொட்டால் மெத்தென்று இருந்து ரத்தம் வந்தால் அது பெரும்பாலும் ஈறு வீக்கம், வேறு விஷயம். ஆனால் சில வாரங்களிலேயே வேகமாகப் பெரிதானால், கீழுதடு மரத்துப்போனால், ஆறாத புண் இருந்தால், பக்கத்துப் பற்கள் ஆட ஆரம்பித்தால் காத்திருக்கக் கூடாது. அப்போது சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் சதைத்துண்டு பரிசோதனையும் செய்தே ஆகவேண்டும்.

தொந்தரவில்லாத வளர்ச்சிக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்-ரே எடுத்துக் கவனித்தால் போதும். வீட்டில் சூப்பர் ஃப்ளாஸ் (பிரிட்ஜுக்கு அடியில் நுழைக்க வசதியாக முனை விறைப்பாக இருக்கும் ஃப்ளாஸ்) அல்லது பற்களின் இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்ஷால் தினமும் பிரிட்ஜின் அடியைச் சுத்தம் செய்யுங்கள். பிரஷ் நுழையவே இடமில்லை என்றாலோ, பிரிட்ஜை எப்படியும் மாற்ற வேண்டிய நிலை வந்தாலோ, மரத்துப்போக ஊசி போட்டு ஈறை விலக்கி எலும்பைச் சீவி எடுக்கலாம். அதற்குப் பிறகு போடும் புது பிரிட்ஜுக்கு அடியிலும் எலும்பு திரும்ப வளரக்கூடும். அதனால், அதே இடத்தில் மறுபடி பிரிட்ஜ்தான் வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா என்பதை எலும்பைச் சீவுவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.