சொன்னது என்ன ஆயிற்று, கண்ணு?

அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவே, ஒரு நூற்பாலையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு. காலை ஷிப்ட் முடிந்து வந்த ஓர் அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினார். வெயிலில் பஞ்சு பறந்தது. என் மாணவி கேள்வித்தாளை நீட்டினாள், அவர் வாங்கவில்லை.

“போன வருடமும் ஓர் அம்மிணி வந்து இதையேதான் கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு முந்தின வருடமும் வந்தார்கள். நாங்கள் சொன்னது என்ன ஆயிற்று, கண்ணு?”

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோவையில் 19 ஆண்டுகளாகச் சமூகப்பணிப் பாடம் நடத்துகிறேன். மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவதும், அவர்கள் எழுதி வருவதற்கு மதிப்பெண் போடுவதும் என் வேலை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் பஞ்சுத்தூசியும் மூச்சுக்கோளாறும். பஞ்சைப் பிரித்துத் தூசி தட்டும் புளோ ரூமிலும், அதைச் சீவி இழையாக்கும் கார்டிங்கிலும் பல ஆண்டுகள் நின்று வேலை செய்தவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் தேறிவிடும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆண்டுகள் போகப்போக இறுக்கம் மற்ற நாட்களுக்கும் பரவி, கடைசியில் மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். எக்ஸ்ரேயில் இந்த நோய்க்கென்று தனி அடையாளம் கிடையாது. எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், ஆஸ்துமா என்று எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இது தொழில்சார் நோயாக இடம்பெற்றிருக்கிறது. இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. இவ்வளவும் எங்கள் ஆய்வேடுகளில் இருந்தது. அந்த அம்மாவிடம் போய்ச் சேரவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் பழைய ஆய்வேடுகளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அந்தக் குழுவில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருந்தாள். திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டு எங்களைவிட வேகமாகப் படிக்கிறவள். மறுநாள் வந்து, “ஒன்றையும் படிக்க முடியவில்லை, சார்” என்றாள். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். ‘தமிழ்’ என்ற சொல் வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கேட்டது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். மீதி ஆய்வேடுகள் தாளைப் படமெடுத்துச் செய்த பி.டி.எஃப். கோப்புகள், அவற்றில் மென்பொருளுக்கு ஓர் எழுத்துகூடக் கிடைக்காது. எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ள உதவும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. நாங்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் பாமினியிலேயே அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டோம், படிக்கப் புத்தகம் கொடுக்கவில்லை. சாய்தளம் கட்டித் திறப்பு விழா நடத்துவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியை நூலகக் கோப்புகளில் காட்டியிருந்தால் அவள் காத்திருக்க நேர்ந்திருக்காது. இதை எழுதும்போது இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

மாணவர்கள் நான்கு பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். அவள் படித்துவிட்டு வந்து சொன்னாள்: ஆறு ஆய்வேடுகள், ஏறக்குறைய ஒரே கேள்விகள், ஒரே முடிவு. தொழிலாளர்களில் பெரும்பாலோர் “திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம் உண்டா?” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்றையும் அவள் கேட்டாள். பேட்டி எடுத்தபோது பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றாரா? நின்றார். அப்படி நின்றால் ஒப்புதல் படிவத்தில் வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், மேலதிகாரிக்குக் கட்டுப்பட்ட நிலையில் இருப்பவர்களின் ஒப்புதலில் தனிக்கவனம் வேண்டும் என்கின்றன. ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிற இடத்தில் வைத்துக் கேட்டால்தான் ‘சரி’ என்பதற்குப் பொருள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவதையும் நாங்கள் அன்றோடு நிறுத்தினோம்.

ஆறு ஆய்வேடுகளின் சாரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு குடியிருப்புக்குப் போனோம். மாலையில், சூப்பர்வைசர் இல்லாத நேரம். வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து, அந்த மாணவியே வாசித்துக்காட்டினாள். திங்கட்கிழமை என்ற சொல் வந்ததும் ஒருவர் கையமர்த்தினார். “எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை, அம்மிணி. ஆளுக்கொரு நாள் மாற்றி மாற்றி வரும்.” முதல் நாள் கேள்வித்தாளை வாங்க மறுத்த அம்மா பின்னாலிருந்து சொன்னார்: “எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. புதன்கிழமை உள்ளே போனால் மத்தியானத்துக்குள் நெஞ்சை அடைக்கும். வியாழக்கிழமை ஒன்றும் தெரியாது.”

1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் இந்த நோயின் படிநிலைகளை வகுத்தபோது திங்கட்கிழமையை வைத்து வகுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊரே விடுமுறையாக இருந்த இடத்துக்கு அது சரி. அதை அப்படியே தமிழாக்கி நாங்கள் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். கேள்வி பிழையாக இருந்தது. முதல் ஆண்டே முடிவைக் கொண்டுபோய் வாசித்துக்காட்டியிருந்தால் முதல் ஆண்டே திருத்தியிருப்பார்கள்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பிரிவு, வேலை செய்த ஆண்டுகள், வார விடுமுறை நாள், நெஞ்சிறுகும் நாள் ஆகியவற்றை எழுதிக்கொடுத்தோம், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டுவதற்காக. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சுத்திறன் சோதனை செய்யக் கேளுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்தோம்.

இப்போது எங்கள் துறையில் ஆய்வேட்டின் கடைசிப் பக்கம் அந்த ஒருபக்கத் தமிழ்ச் சுருக்கம். யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் வாசித்துக்காட்டினோம், கேட்டவர்கள் எதைத் திருத்தினார்கள் என்பதை அதன் கீழே எழுத வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.