ராஜினாமாக் கடிதத்தை இன்று ராத்திரி எழுதாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நெஞ்சு படபடக்கிறது என்று ஈசிஜியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இருக்காது. எங்கே வேலை என்று கேட்டால், வங்கி. மனநல மருத்துவராக நான் பார்ப்பவர்களில் இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால், "வேலையை விட்டுடலாமான்னு இருக்கு டாக்டர்" என்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. வருஷக்கணக்கில் படித்து, ஐபிபிஎஸ் தேர்வு எழுதி வாங்கிய வேலையாயிற்றே! ஆனால் பகலெல்லாம் கவுன்டரில் நின்றவரிடம், மாலை வீடியோ கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், இன்றைக்கு எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்தாய் என்று கேட்கிறார்கள். நகைக்கடனுக்கு வந்த விவசாயியின் தலையில் ஒரு பாலிசியைக் கட்ட வேண்டியிருக்கிறது. "டார்கெட்டைக்கூடத் தாங்கிக்கலாம் டாக்டர். அவர் படிச்சுக்கூடப் பார்க்காம, என்னை நம்பிக் கையெழுத்துப் போடறார்" என்று ஓர் அதிகாரி என் முன்னால் அழுதார். அதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன். மனசாட்சி உள்ள யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

அதிகாரிகளுக்கு இடமாற்றம் வேறு. மொழி தெரியாத ஊரில் தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டும். தனியார் வங்கிகளிலும் நிம்மதி இல்லை. சில தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் பணியாளர்கள் வெளியேறும் விகிதம் சராசரியாக 25 சதவீதம் அளவுக்கு இருப்பதை ரிசர்வ் வங்கியே 2024 டிசம்பர் அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னிடம் வருகிறவர்களை அரிப்பது கையெழுத்துப் பயம். என்றோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன் இன்று வாராக்கடனாகும். உடனே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். 22 வருட சர்வீஸ் உள்ள ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, பழைய கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாராம். அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஆனாலும் ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இது மனச்சோர்வு. தூக்கமில்லாத மூளை எல்லாக் கதவும் மூடிவிட்டதாகத்தான் காட்டும். மருத்துவ விடுப்பு எடுத்து ஆறு வாரம் சிகிச்சை பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். இரண்டு, பொதுத்துறை வங்கிகளின் 1995 ஓய்வூதிய விதிகளின்படி, ராஜினாமா செய்தால் முந்தைய சர்வீஸ் முழுதும் பறிபோகும். அதே ஆள் 20 வருடம் முடித்து, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் ஓய்வூதியம் உண்டு. 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் வருவதால் அவர்கள் கணக்கு வேறு. ஆனால் சலுகை வட்டியில் வாங்கிய வீட்டுக்கடன், இத்தனை வருடம் வேலையில் இருப்பேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்று சேரும்போது எழுதிக்கொடுத்த பாண்ட் இரண்டையும் அவர்களும் பார்க்க வேண்டும். ஓர் ஊழியர் மூன்று ஆண்டுக்குள் விலகியதற்காகக் கட்டிய 2 லட்ச ரூபாய் பாண்ட் தொகை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆறு வாரம் கழித்து வந்தவர், கடன் பிரிவிலிருந்து மாற்றிவிடும்படி எழுதிக் கொடுத்திருந்தார். இன்னும் வேலையில்தான் இருக்கிறார். வேறொருவர் நன்றாகத் தேறிய பிறகும் வேலையை விட்டார். அதுவும் சரியான முடிவுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் ஆறு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். நடு ராத்திரியானால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்குக் கூப்பிடுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.