மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர்

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவர். பிரஷருக்கு மூன்று மாத்திரை. அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. மூன்றுமே முழு அளவு. அப்படியும் அன்று 170/100. நான்காவதை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். எதற்கும் பையைக் கொட்டிக் காட்டுங்கள் என்றேன்.

மூன்று அட்டைகளோடு பாதி காலியான டைக்ளோஃபினாக் அட்டையும் விழுந்தது.

“அது முட்டி வலிக்குங்க சார். நாள் பூரா தறிகிட்ட நிக்கணுமில்லைங்களா.”

மெடிக்கலில் கேட்டு வாங்கி, தினம் இரண்டு, ஆறு மாதமாக. இந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். நான் கொடுத்தது வெளியே தள்ளப் பார்க்கிறது, இது பிடித்துவைக்கிறது. அதைவிடப் பயம், பெயர் ‘பிரில்’ அல்லது ‘சார்டன்’ என்று முடியும் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகமே அடிவாங்கலாம். நல்லவேளை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அவருக்குச் சரியாகவே இருந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் 138/86.

தப்பு என்னுடையதும்தான். “வேற மாத்திரை போடறீங்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். அவர் கணக்கில் வலிக்குப் போடுவது மாத்திரையே இல்லை. இப்போது, “உடம்பு வலிச்சா என்ன போடுவீங்க?” என்று கேட்கிறேன். நாட்டு மருந்தையும் கேட்பேன். ஏற்காட்டிலிருந்து வரும் ஓர் அம்மா குளிருக்கு இதமாகத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடித்துவந்தார். அதிகமானால் அதுவும் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

அளக்கும் விதமும் முக்கியம். பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும். உப்பு, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். தட்டுவடை செட்டை அடியோடு விடச் சொல்ல எனக்கே மனசு வராது. தினமும் வேண்டாம் என்பதோடு சரி.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் 140/90-க்கு மேலேயே நின்றால்தான் உண்மையிலேயே மருந்துக்கு அடங்காத பிரஷர். அப்போது குறட்டையோடு மூச்சு தடைபடுகிறதா, அட்ரீனல் சுரப்பி, உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறதா, சிறுநீரக ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று தேடுவோம். நான்காவது மாத்திரையாக ஸ்பைரனோலாக்டோன் பலருக்கு நன்றாகவே கேட்கிறது, பொட்டாசியம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பிரஷர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தறிக்காரர் போன மாதம் வந்தார். நான் கேட்கும் முன்பே பையைக் கொட்டினார். மூன்று அட்டை, ஒரு தைல பாட்டில்.

“இதையும் காட்டணுங்களா சார்?”