பாம்பில்லாத பாம்பு எண்ணெய்

அமெரிக்க அரசு போலி என்று நிரூபித்த பாம்பு எண்ணெயைப் பூசியவர்களுக்கு வலி எப்படித் தணிந்திருக்க முடியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கிளார்க் ஸ்டான்லி என்ற அமெரிக்க வியாபாரி விற்ற அந்தத் தைலம் வாதம், பல்வலி, சுளுக்கு முதல் பூச்சிக்கடி வரை அனைத்துக்கும் நல்லது என்றது அதன் லேபிள். பொய்யான லேபிளை 1906-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தாலும், உட்பொருளைப் பற்றிய பொய்க்குத்தான் அது பொருந்தும், நோய் தீரும் என்ற பொய்க்குப் பொருந்தாது என்று, புற்றுநோய்க்கென விற்கப்பட்ட ஒரு மருந்தின் வழக்கில் 1911-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மறு ஆண்டு வந்த ஷெர்லி திருத்தம் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. பின்னர் அரசு வேதியியலாளர்கள் ஸ்டான்லியின் தைலத்தைப் பகுத்துப் பார்த்தபோது, பெரும்பகுதி மினரல் ஆயிலாகவும், ஏறத்தாழ 1 சதவீதம் மாட்டுக் கொழுப்பு போன்ற ஒன்றாகவும் இருந்தது. கூடவே மிளகாய்ச் சத்தும் இருந்தது; பாம்பின் எண்ணெய்தான் இல்லை. 1916-இல் விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 20 டாலர்.

வாசகரின் கேள்விக்கு விடை அந்த மிளகாயில் இருக்கிறது. காரத்தைத் தரும் கேப்சைசின் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால், தோலிலுள்ள வலி நரம்பு நுனியின் சவ்வுக்குள் எளிதாகப் புகுந்து, அங்கிருக்கும் டிஆர்பிவி1 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இப்புரதம், வெப்பநிலை சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது திறக்கும் ஓர் அயனி வாயில். கேப்சைசின் ஒட்டியதும் அவ்வளவு சூடு இல்லாமலே அது திறந்துகொள்ள, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்ந்து, 'சுடுகிறது' என்ற சேதி மூளைக்குப் போகிறது. அடுத்து நடப்பதுதான் அழகு: உள்ளே நுழைந்த அதே கால்சியம், தன்னை அனுமதித்த வாயிலையே மந்தமாக்கத் தொடங்குகிறது. தொடர்ந்து பூசப்பூச நரம்பு நுனியே சோர்ந்து, அந்த இடத்தின் வலியைக் குறைவாகவே தெரிவிக்கிறது. இந்தப் புரதத்தை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021-இல் ஆர்டெம் படபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே, பூசியவர்களில் சிலருக்கு உண்மையிலேயே சற்றுச் சுகம் கிடைத்திருக்கலாம்; ஆனால் அந்தச் சுகம் பாம்பால் வந்ததா, மிளகாயால் வந்ததா என்பதைத் தோலால் சொல்ல முடியாது. 'எனக்குக் குணமாயிற்று' என்ற வாய்மொழியை மருந்துக்குச் சான்றாக ஏற்கக் கூடாது என்பதும், மருந்துகளைப் பகுத்தாயும் அரசு ஆய்வகங்களுக்கு நிதியைக் குறைப்பது பெருந்தவறு என்பதும் என் உறுதியான கருத்து.

லேபிளை மட்டும் காவல் காக்கும் சட்டம் எவ்வளவு போதாதது என்பதை 1937-இல் அமெரிக்கா கண்டது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைக்கப்பட்ட சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது; ஆல்கஹால் இல்லாத மருந்துக்கு, ஆல்கஹாலில் கரைத்த மருந்தைக் குறிக்கும் 'எலிக்சிர்' என்ற பெயரை இட்டதைத்தான் அரசால் குற்றமாகக் காட்ட முடிந்தது. விற்கும் முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1938-இலும், பலனையும் நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1962-இலும் வந்தன. அக்கி வந்து போன பின் நீடிக்கும் நரம்பு வலிக்கு, 8 சதவீதக் கேப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டைக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இவ்விரண்டு சோதனைகளையும் கடந்த பிறகுதான்.