சமன் பட்டனே இல்லாத கால்குலேட்டர் வட்டியை எப்படிக் கண்டுபிடிக்குது?

எச்பி 12சி-ன்னு ஒரு கால்குலேட்டர். 1981-ல வந்தது, இன்னிக்கும் புதுசா விக்குது. நாப்பது வருஷத்துக்கு மேல ஒரே மாடலா ஓடுற எலக்ட்ரானிக் சாமான் வேற என்ன இருக்குன்னு யோசிச்சா எனக்கு சட்டுன்னு எதுவும் தோணல. சட்டைப்பைல அடங்குற சைஸ், ஆனா படுக்கைவசம். பட்டன் மேல தங்கக் கலர்ல ஒரு எழுத்து, கீழ நீலக் கலர்ல ஒரு எழுத்துன்னு ஒரே பட்டனுக்கு மூணு வேலை. என்கிட்ட இருக்கறது சித்தப்பாவோடது. மும்பை ஃபோர்ட்ல ஒரு பேங்க்ல வேலை பார்த்த காலத்துல வாங்கினாராம். எனக்கு பிகேசி (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) பக்கம் வேலை கிடைச்சதும் "இந்தா வெச்சுக்கோ, சின்னக் கணக்குக்கெல்லாம் லேப்டாப்ப தொறக்காத"ன்னு கையில குடுத்துட்டார்.

இதை மொதல் தடவை கையில வாங்குற எல்லாரும் 2 + 3 அடிச்சுட்டு சமன் பட்டன தேடுவாங்க. அது கிடையாது. இங்க எண்ணு மொதல்ல, என்ன பண்ணணும்கறது அப்புறம். 2 அடிச்சு என்டர், 3 அடிச்சு பிளஸ், முடிஞ்சது. யான் லுகாசியேவிச்னு போலந்துக்காரர் ஒருத்தர் தர்க்கக் கணக்குல அடைப்புக்குறியே வேண்டாம்னு 1920-கள்ல குறிய முன்னாடி வெச்சு எழுதுற முறை ஒண்ணு கொண்டு வந்தார், அதைத் திருப்பிப் போட்டா வர்றதுதான் இது, அதனாலதான் பேரே ரிவர்ஸ் போலிஷ். உள்ள எக்ஸ், ஒய், இசட், டி-ன்னு நாலு அடுக்கு. திரையில தெரியுறது எக்ஸ் மட்டும். என்டர் தட்டினா எண்ணு ஒரு அடுக்கு மேல ஏறும், பிளஸ் தட்டினா அடியில இருக்கற ரெண்டும் சேர்ந்து ஒண்ணா ஆகி மேல இருக்கறதெல்லாம் ஒரு படி இறங்கும். (2+3)×(4+5) வேணும்னா 2 என்டர் 3 பிளஸ், 4 என்டர் 5 பிளஸ், அப்புறம் பெருக்கல், 45 வந்துரும். ஒரு வாரம் எரிச்சலா இருக்கும், பழகிட்டா சாதா கால்குலேட்டர் பக்கம் கை போகாது. இதை ரொம்ப சிலாகிச்சு பேசுறவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அந்த அளவுக்கு இல்ல, ஏன்னா இந்த மெஷினோட நெஜமான சூட்சுமம் மேல் வரிசையில இடது பக்கம் இருக்கற அஞ்சு பட்டன்லதான் இருக்கு.

என் (n), ஐ (i), பி.வி. (PV), பி.எம்.டி. (PMT), எஃப்.வி. (FV). அதாவது வரிசையா: எத்தனை தவணை, ஒரு தவணைக்கு எவ்வளவு வட்டி, இன்னிக்கு கையில எவ்வளவு, தவணைத் தொகை எவ்வளவு, கடைசியில எவ்வளவு. இந்த அஞ்சையும் கட்டிப்போடுற சமன்பாடு ஒண்ணே ஒண்ணுதான்: எல்லா பணத்தையும் இன்னிக்கு மதிப்புக்கு இழுத்துட்டு வந்து கூட்டினா பூஜ்யம் வரணும். நாலைப் போட்டா அஞ்சாவத அது சொல்லும், எது அஞ்சாவதுங்கறது நம்ம இஷ்டம். ஃபோன்ல இருக்கற இ.எம்.ஐ. ஆப் பெரும்பாலும் ஒரே திசையிலதான் ஓடும், இதுக்கு முன்னாடி பின்னாடின்னு ஒண்ணு கிடையாது.

வீட்டு லோன் 50 லட்சம், எட்டரை பர்சன்ட், 20 வருஷம். 240 அடிச்சு என். 8.5 அடிச்சு நீல ஜி தட்டி ஐ, அது தானா 12-ஆல வகுத்துக்கும். 5000000 அடிச்சு பி.வி. எஃப்.வி.-ல பூஜ்யம். இப்ப பி.எம்.டி. தட்டினா −43,391.16. அந்த மைனஸ பார்த்துட்டு தப்புன்னு நினைக்கறவங்க ஜாஸ்தி. அது தப்பில்ல. நம்ம கைக்கு வர்ற பணம் பிளஸ், கைய விட்டுப் போறது மைனஸ். லோன் வந்தது பிளஸ்ல, தவணை போறது மைனஸ்ல, அவ்வளவுதான். இதே கணக்கை பேங்க் தன் பக்கத்துல இருந்து போட்டா குறி ரெண்டும் தலைகீழா மாறும், எண்ணு மாறாது. யார் பாக்கெட்டுல இருந்து பார்க்குறோம்னு முடிவு பண்ணாம இந்த மெஷின்ல ஒரு கணக்கும் போட முடியாது, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான்.

இப்ப ஐ பட்டனுக்கு வர்றேன். தாராவியில எங்க வீட்டுக்கு மேல் மாடியில ஒரு அண்ணன், திருநெல்வேலிக்காரர், டெம்போ வாங்க 3 லட்சம் லோன் பேசிட்டு வந்தார்.

"தம்பி, பத்து பர்சன்ட் ஃப்ளாட்டுங்கான். மூணு வருஷம். பரவால்லயா?"

"மாசம் எவ்வளவுண்ணே கட்டணும்?"

"பத்தாயிரத்து எண்ணூத்தி முப்பத்தி மூணு."

கணக்கு எப்படி வந்துச்சுன்னா, 3 லட்சத்துக்கு வருஷம் 30,000 வட்டி, மூணு வருஷத்துக்கு 90,000, மொத்தம் 3,90,000, அதை 36-ஆல வகுத்தாச்சு. இதுல இருக்கற வில்லங்கம் என்னன்னா, மாசாமாசம் அசல் குறைஞ்சுக்கிட்டே வருது ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 3 லட்சத்துக்கும் ஓடுது. 36 என், 300000 பி.வி., 10833.33-ஐ மைனஸ் ஆக்கி பி.எம்.டி., பூஜ்யம் எஃப்.வி., ஐ தட்டினேன். திரையில ரன்னிங்னு மினுக் மினுக்குனு வந்துச்சு, அண்ணன் "என்ன தம்பி தூங்கிருச்சா"ங்கறார். அப்புறம் 1.49. அதை 12-ஆல பெருக்கினா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 17.92 பர்சன்ட்.

அந்த ரன்னிங் ஏன் வருது? தவணைத் தொகை கேட்டா உடனே சொல்ற மெஷின் வட்டி கேட்டா மட்டும் ஏன் யோசிக்குது? ஏன்னா தவணைக்கு சூத்திரம் இருக்கு, வட்டிக்கு இல்ல. 36 தவணைன்னா அந்த சமன்பாட்டுல வட்டி 36-ஆவது அடுக்கு வரைக்கும் ஏறி உக்காந்திருக்கும். அஞ்சாவது அடுக்கோ அதுக்கு மேலயோ போயிட்டா எல்லாத்துக்கும் பொருந்துற மாதிரி மூல சூத்திரம் எழுத முடியாதுன்னு ஏபெல்னு ஒரு நார்வே கணித மேதை 1820-கள்லயே நிரூபிச்சுட்டார். அதனால மெஷின் பண்றது பக்கெட்ல வெந்நீர் விளாவுற வேலை: ஒரு மதிப்பு போட்டுப் பார்த்து, சூடா இருந்தா கொஞ்சம் பச்சத்தண்ணி, ஆறிப்போச்சுன்னா கொஞ்சம் சுடுதண்ணி.

டெம்போ லோன்லயே பண்ணிப் பார்க்கலாம். மாசம் 1 பர்சன்ட் வட்டின்னு வெச்சா அந்த 36 தவணையோட இன்னிக்கு மதிப்பு 3,26,165 ரூபா. நமக்கு வேண்டியது 3,00,000, ஆக வட்டி பத்தல, ஏத்தணும். 2 பர்சன்ட் வெச்சா 2,76,129, இறங்கிப்போச்சு. நடுவுல 1.5 வெச்சா 2,99,657, கிட்ட வந்தாச்சு, கொஞ்சமா கூட இறக்கணும். இப்படியே போனா 1.493-ல நிக்கும். இப்படிப் பாதி பாதியா வெட்டிட்டு போறது மெதுவான வழி. எவ்வளவு தப்புங்கறதோட சேர்த்து எந்த சரிவுல தப்பு மாறுதுன்னும் பார்த்து அடுத்த யூகத்தை வெச்சா (நியூட்டன் சொன்ன வழி) நாலஞ்சு சுத்துல பத்து இலக்கமும் சரியா வந்துரும். பழைய 12சி-யோட சிப் நொடிக்கு பத்து லட்சம் துடிப்பு கூட இல்லாத மெதுவான சிப், அதனால ரன்னிங் கண்ணுக்கு நல்லா தெரியும். 2008 வாக்குல இருந்து வர்றதுல ஏஆர்எம் சிப் உக்காந்துக்கிட்டு பழைய சிப் மாதிரியே நடிக்குது, அதுல கண் சிமிட்டுறதுக்குள்ள விடை.

அண்ணன் அந்த லோன எடுக்கல, ஊர்க்காரங்க போடுற சீட்டை தள்ளி எடுத்து பாதி சமாளிச்சார். சீட்டுக்கும் ஐ.ஆர்.ஆர். பட்டன வெச்சு வட்டி கண்டுபிடிக்கலாம், மாசாமாசம் கட்டுறது வேற வேற தொகையா இருந்தாலும் பரவால்ல, ஆனா அது தனிக் கதை.

எர்ரர் 5 பத்தி சொல்லியே ஆகணும். ரிசர்வ் பேங்க் 2022 மே-ல இருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போவ (பேங்குகளுக்கு அது கடன் குடுக்கற வட்டி) 4-ல இருந்து 6.5-க்கு கொண்டு போச்சு, வட்டி ஏறி இறங்குற ஃப்ளோட்டிங் லோன் வெச்சிருந்த நிறைய பேருக்கு தவணை அப்படியே இருந்து வருஷம் மட்டும் நீண்டுக்கிட்டே போச்சு இல்லையா. 50 லட்சம், 6.7 பர்சன்ட், 20 வருஷம்னா தவணை ஏறக்குறைய 37,870. வட்டி ரெண்டரை ஏறி 9.2 ஆகுது, அசல் அப்படியே 50 லட்சமா நிக்குதுன்னு வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை மாசம்னு என் (n) பட்டன தட்டினா மெஷின் எர்ரர் 5-னு சொல்லும். ஏன்னா ஒரு மாச வட்டியே 38,333, கட்டுறது 37,870, இந்த கடன் எந்த ஜென்மத்துலயும் தீராது. 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் தவணைய ஏத்தணுமா வருஷத்த நீட்டணுமான்னு கடன் வாங்கினவங்கள கேக்கணும், கட்டுற தவணை அந்த மாச வட்டிக்காவது பத்தணும்னு சுற்றறிக்கை விட்டதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு இதுதான். பிளஸ் மைனஸ் போடாம எல்லாத்தையும் பிளஸ்ல போட்டுட்டு வட்டி கேட்டாலும் இதே எர்ரர் 5 வரும், பணம் ஒரே பக்கமா வந்துக்கிட்டே இருந்தா அதுக்கு ஏது வட்டி.

இதெல்லாம் எக்செல்லும் பண்ணுமே, அப்புறம் என்ன பெருசுன்னு கேக்கலாம். பெருசு என்னன்னா வெறும் பத்து இலக்கம் காட்டுற ஒரு குட்டி மெஷின் விடையில ஏமாத்தாம இருக்கறது. வில்லியம் கஹான், பெர்க்லி பேராசிரியர், இன்னிக்கு கிட்டத்தட்ட எல்லா கம்ப்யூட்டரும் புள்ளி வெச்ச எண்ணை வெச்சுக்கற விதிமுறைக்கு மூல காரணமானவர், 1989-ல கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது வாங்கினவர், அவர் எச்பி கால்குலேட்டர்களுக்கும் ஆலோசகரா இருந்தார். அவர் சொன்ன ஒரு கணக்கை நம்ம காசுல சொல்றேன். ராத்திரி பகல்னு பார்க்காம நொடிக்கு ஒரு பைசா பேங்க்ல போடுறீங்க, வருஷத்துக்கு 10 பர்சன்ட் வட்டி, அந்த வட்டி நொடிக்கு நொடி அசலோட சேருது. வருஷ முடிவுல எவ்வளவு? போட்டது மட்டுமே 3,15,360 ரூபா, ஏன்னா வருஷத்துக்கு 3,15,36,000 நொடி. சரியான விடை 3,31,667.01.

இதை பத்து இலக்கத்துல அப்பாவியா போட்டுப் பாருங்க. நொடிக்கான வட்டி 0.00000000317 சொச்சம். அதோட 1-ஐ கூட்டின உடனே பத்து இலக்கத்துக்கு மேல இடம் இல்லாததால 1.000000003 மட்டும் நிக்கும், 17-னு இருந்த வால் கீழ விழுந்துரும். அதை மூணு கோடிச் சொச்சம் தடவை பெருக்கினா விழுந்த வால் பூதாகாரமா வந்து நிக்கும், விடை சுமார் 3,12,925. அதாவது வட்டி சேர்ந்த அப்புறமும், போட்ட பணத்தை விட கம்மி! 12சி இதுல தப்பு பண்றதில்ல. 1-ஐ கூட்டிட்டு அப்புறம் லாகரிதம் எடுக்காம, கூட்டுறதுக்கு முன்னாடி இருக்கற அந்த சின்ன எண்ணுல இருந்தே லாகரிதத்தை நேரா எடுத்துக்கணும், கடைசியில 1-ஐ கழிக்கற இடத்துலயும் அதே ஜாக்கிரதை, அந்த மாதிரி கணக்குக்குத்தான் வழி கட்டி வெச்சிருக்காங்க.

கிறுக்குத்தனமும் உண்டு. அதே 50 லட்சம் எட்டரை பர்சன்ட்டுக்கு மாசம் 50,000 கட்டினா எத்தனை மாசம்னு கேட்டா நெஜ விடை 174.57, இது 175-னு முழுசாக்கித்தான் சொல்லும், கடைசி தவணை கம்மியா வரும்னு நாமளா புரிஞ்சுக்கணும். லட்சம் கோடிக்கு கமா போடத் தெரியாது, 5,000,000.00-ன்னுதான் காட்டும், அது பழக்கத்துக்கு வந்துரும்.

பழசா வாங்குறதா இருந்தா, லேமிங்டன் ரோடோ எங்கயோ, ஆஃப்ல இருக்கும்போது ஆன் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பெருக்கல் பட்டன அமுக்குங்க, மொதல்ல ஆன், அப்புறம் பெருக்கல்னு விடுங்க, தன்னைத்தானே சோதிச்சுக்கிட்டு திரை பூரா 8 காட்டணும். இடது மூலையில நட்சத்திரம் மின்னினா பேட்டரி தீரப்போகுதுன்னு அர்த்தம். ரொம்ப பழைய மாடல்னா எல்ஆர்44 மூணு, புதுசுன்னா 2032 காசு பேட்டரி ரெண்டு. அப்புறம் திரையில பிகின் (BEGIN)-னு எழுதியிருக்கான்னு ஒரு தடவை பாருங்க, இருந்தா தவணைய மாசக் கடைசிக்கு பதிலா மாச ஆரம்பத்துல கட்டுறதா எடுத்துக்கும், மேல போட்ட 43,391 ரூபா தவணை 305 ரூபா கம்மியா காட்டும், முன்னாடி வெச்சிருந்தவர் மாத்தி வெச்சதை மெஷின் மறக்கவே மறக்காது. ஜி தட்டி 8 தட்டினா அது போயிரும்.