கரண்ட் போனால் லிஃப்ட்டில் நிற்கும் கார் என்ன ஆகும்?

"என் கார் லிஃப்ட்டில் நிற்கும்போது ஒர்க்‌ஷாப்பில் கரண்ட் போய்விட்டது. அடியில் இருந்த மெக்கானிக் பதறவே இல்லை. எந்த நம்பிக்கையில் நிற்கிறார்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

ஏற்றத்தான் கரண்ட் வேண்டும், நிறுத்தி வைக்க வேண்டாம். மோட்டார் பம்பைச் சுழற்றும், பம்ப் எண்ணெயை சிலிண்டருக்குள் தள்ளும், மற்றதைப் பாஸ்கல் விதி (அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது) பார்த்துக்கொள்ளும். மோட்டார் நின்றால் எண்ணெய் திரும்பாதபடி செக் வால்வு அடைத்துக்கொள்ளும். 1925-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி உருவாக்கிய ஹைட்ராலிக் கார் லிஃப்ட்டின் வழிவந்ததுதான், நம் வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் தரைக்குள்ளிருந்து எழும்பும் ஒற்றைத் தூண். அதில் கம்ப்ரஸர் காற்று எண்ணெயை அழுத்தும். தூணின் விட்டம் 30 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 707 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 7 கிலோ அழுத்தம் இருந்தால் ஏறக்குறைய 4,900 கிலோவைத் தூக்கிவிடும்.

வீல் அலைன்மென்ட் கடைகளில் இருக்கும் நாலு தூண் லிஃப்ட்டில் சக்கரங்கள் தண்டவாளம் போன்ற மேடைகள் மேல் நிற்கும். சறுக்கி விழும் பயம் குறைவு. கத்தரிபோல் விரிந்து உயரும் கத்தரி லிஃப்ட் டயர் வேலைக்குப் போதும். வாசகர் பார்த்தது பெரும்பாலும் இரண்டு தூண் லிஃப்ட்டாக இருக்கும். லிஃப்ட்டின் நாலு கைகள் காரின் அடிப்பாகத்தைத் தாங்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்.

எண்ணெயை முழுதாக நம்பக் கூடாது. ஹோஸ் வெடிக்கலாம், சீல் கசியலாம். அதனால்தான் ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஏணிப்படி போல வரிசையாகப் பற்கள் உண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே பொதுவாக 7 முதல் 10 செ.மீ. கைகளைச் சுமந்து தூணோடு ஏறி இறங்கும் பெட்டி போன்ற பாகத்தில் ஓர் எஃகு நாக்கு இருக்கும். ஸ்பிரிங் அதைப் பற்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏறும்போது நாக்கு பல்லின் சரிவில் வழுக்கி ஒதுங்கி, தாண்டியதும் 'டக்' என்று உள்ளே விழும். இறங்க முயன்றால் பல்லின் தட்டையான மேற்பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. நாக்கின் மேல் காரின் எடை உட்கார்ந்துவிட்டால் கையால் பிடுங்க முடியாது; எடை கூடக் கூடப் பிடி இறுகும். இறக்க வேண்டுமானால் முதலில் மோட்டாரைப் போட்டு நாலைந்து செ.மீ. ஏற்றி, எடையை எண்ணெயிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நாக்கை இழுக்க முடியும். யாராவது தெரியாமல் லீவரைத் தொட்டாலும் கார் அசையாது. நாக்கை மின்காந்தத்தால் இழுக்கும் லிஃப்ட்டிலும் கரண்ட் வந்தால்தான் நாக்கு விலகும். போனால் ஸ்பிரிங் மறுபடி உள்ளே தள்ளிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை: ஏற்றி முடித்ததும் இறக்கும் வால்வை லேசாகத் திறந்து, காரை நாக்கின் மேல் உட்கார வைக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. இரண்டு பற்களுக்கு நடுவில் விட்டால் கார் எண்ணெயின் தயவில்தான் நிற்கிறது. அப்போது ஹோஸ் வெடித்தால் 1,500 கிலோ எடை 8 செ.மீ. விழுந்து நாக்கில் மோதும். மெல்ல உட்காரும் எடையைவிட அந்த அடி பல மடங்கு பெரிது.

இரண்டு பக்கமும் சமமாக ஏறக் கம்பிவடங்கள் உண்டு. பல லிஃப்ட்டுகளில் இரண்டு நாக்குகளையும் ஒரே லீவர் மெல்லிய கேபிளால் இழுக்கும். அந்த மெல்லிய கேபிள் தளர்ந்துபோனால் ஒரு பக்க நாக்கு விலகும், மறு பக்கம் பிடித்துக்கொள்ளும். இறக்கும்போது கார் சாயும். சில பட்டறைகளில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாக்கையே கம்பி போட்டு வெளியே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆயுத பூஜைக்குத் தூணில் சந்தனம் வைக்கட்டும், எலுமிச்சம்பழமும் கட்டட்டும்; கூடவே அன்றைக்கு அந்தக் கேபிளையும் இழுத்துப் பார்க்கலாமே!

நாக்கு காப்பாற்றாத விபத்தும் உண்டு: கார் கைகளிலிருந்தே நழுவுவது. முன்சக்கர இழுவைக் கார்களில் எடையின் பெரும்பகுதி முன்னால் இருக்கும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றினால் எடைமையம் பின்னால் நகர்ந்து வால் பக்கம் தாழும். கழற்றும் முன்பே பின்புறம் உயர ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். கைகளின் நுனியில் காரைத் தாங்கும் பேடுகளைக் கார் தயாரிப்பாளர் குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும். பொலேரோ போன்ற வண்டிகளில் அது சேஸிஸ் என்னும் அடிச்சட்டம். எண்ணெய் ஊறிய ரப்பர் பேடு வழுக்கும், மாற்றிவிடுங்கள். சக்கரம் தரையை விட்டு அரை அடி எழும்பியதும் நிறுத்தி, காரைப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். ஆடினால் இறக்கி, கைகளை மாற்றி வையுங்கள். மின்சாரக் கார் என்றால், காரின் தளத்துக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியில் எந்தக் கையும் முட்டவில்லை என்று குனிந்து பார்த்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள்.