அந்த ஸ்கேன் படத்தை யாராவது பார்த்தார்களா?

நான் கர்ப்ப ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். போன வாரம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கர்ப்பத்தின் 12-ஆம் வாரம். ‘குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் நீர் அதிகம், 3.8 மில்லிமீட்டர்’ என்று வேறொரு இடத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட். இந்த நீர் கூடினால் குழந்தைக்குக் குரோமோசோம் குறை இருக்குமோ என்று சந்தேகம் வரும். கலைத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சே எழுந்துவிட்டது. ரிப்போர்ட்டோடு இருந்த பிரின்ட்டைப் பார்த்தேன். காலிப்பரின், அதாவது திரையில் அளக்க வைக்கும் குறியின், ஒரு முனை தோலில் இல்லை, பின்னால் இருந்த, குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குடச் சவ்வில் இருந்தது. அந்த வாரங்களில் சவ்வு வெளிச்சவ்வோடு இன்னும் ஒட்டியிருக்காது. குழந்தை அதன்மேல் படுத்திருந்தால் தோல் மாதிரியே தெரியும். அந்தப் பெண்ணை இருமச் சொன்னேன். குழந்தை துள்ளியது, சவ்வு தனியாகப் பிரிந்து தெரிந்தது. மறுபடி அளந்தால் 1.6 மில்லிமீட்டர், சாதாரண அளவுதான்.

இப்படி வருபவர்களில் இவர்கள் முதல் ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

“எங்க டாக்டர் புது மிஷின் வாங்கியிருக்காரு, 4டி கூட இருக்கு” என்று தினமும் கேட்கிறேன். சக மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மிஷின் தருவது வெறும் படம். வயிற்றின்மேல் வைக்கும் ப்ரோபை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்த நொடியில் படத்தை நிறுத்துவது (ஃப்ரீஸ்), காலிப்பரை எங்கே வைப்பது, இதெல்லாம் கை வேலை. கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரை அளக்கும் இந்த என்டி ஸ்கேனில் தலையும் மேல்மார்பும் மட்டுமே திரையை நிறைக்க வேண்டும். கழுத்து பின்னால் சாய்ந்திருந்தால் அளவு கூடிப்போகும், முன்னால் மடங்கியிருந்தால் குறைந்துபோகும். முழுக் குழந்தையும் தெரிகிற சின்னப் படத்தில் அரை மில்லிமீட்டர் பிசகுவது ரொம்ப சுலபம். கோடிக்கணக்கில் போட்டு வாங்கிய மிஷினும் இதைத் திருத்தாது. முகத்தைக் காட்டும் 4டி படத்துக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை. தயவுசெய்து மிஷின் விலையை வைத்து ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

கை எப்படித் தேறும்? எடுத்த படத்தை இன்னொருவர் பார்த்துக் குறை சொன்னால்தான் தேறும். லண்டனின் ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன், என்டி அளப்பவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததோடு விட்டுவிடுவதில்லை. அவர்கள் எடுக்கும் அளவுகளைத் தொடர்ந்து தணிக்கை செய்கிறது. வளர்ச்சி ஸ்கேன் படங்களுக்கும் மதிப்பெண் முறை உண்டு: தலைக்கு 6, வயிற்றுக்கு 6, தொடை எலும்புக்கு 4. வயிற்றுப் படத்தில் இரைப்பை தெரிய வேண்டும், சிறுநீரகம் தெரியக்கூடாது. யாரும் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம்தான் இது.

இங்கே நிலைமை வேறு. 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்ப ஸ்கேனுக்கும் உரிய எஃப் படிவத்தை ஒழுங்காக நிரப்புகிறோம், நிரப்பத்தான் வேண்டும். ஆனால் படம் சரியா என்று கேட்க ஆளில்லை. உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ தனியாக ஸ்கேன் பார்க்கும் ஒருவருக்கு, தான் எடுப்பது தப்பு என்று யார் சொல்வது?

சக மருத்துவர்களே, மாதம் சில படங்களையாவது பெயரை மறைத்து ஒரு மூத்தவருக்கு அனுப்புங்கள். நல்லா வந்த படத்தை மட்டும் பொறுக்கி அனுப்பாதீர்கள். பார்ப்பவரும் ‘சூப்பர்’ என்று கட்டைவிரலைக் காட்டி நிறுத்தாதீர்கள். அதில் யாருக்கும் பிரயோஜனமில்லை. ‘இன்னும் பெரிதாக்குங்கள், காலிப்பர் கோட்டின் உள்விளிம்பில் இல்லை’ என்று எழுதுங்கள். குழந்தை படுத்திருக்கும் வாகு சரியில்லையென்றால், தாயை நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். வெளியே டோக்கன் வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு அளவை எழுதிவிடாதீர்கள்.

வீட்டாருக்கு: ரிப்போர்ட்டோடு படங்களையும் கேட்டு வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்துக் கலைக்கிற முடிவுக்குப் போகாதீர்கள். என்டி ஸ்கேனை 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். உறுப்புக் குறைகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் முடித்துவிட்டால், சந்தேகம் வந்தாலும் இன்னொருவரிடம் காட்ட அவகாசம் இருக்கும். 24 வாரம் தாண்டிவிட்டால் கலைக்க அனுமதி கேட்டு மருத்துவ வாரியம் வரை போக வேண்டிவரும்.

பிரசவ வார்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தை பிறந்ததும் அதன் எடையை ஸ்கேன் பார்த்தவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். ஸ்கேனில் கணித்த எடை பத்து, பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம். ஆனால் 3.2 கிலோ என்று எழுதிய குழந்தை 2.5 கிலோவில் பிறந்தால், அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தான் எடையைக் கணிக்க எடுத்த அந்த வயிற்றுச் சுற்றளவுப் படத்தை மறுபடி திறந்து பார்ப்பார்.